கேள்வி – பதில்: கப்பல் முந்தியது, ரயில் பிந்தியது

பயணம், வாகனம், வழித்தடம் ஆகியவை பற்றி எழுதுமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டை வட்டாரங்களிலிருந்து வந்த கடிதங்களே மிகுதி. ஒன்றையொன்று ஒட்டிய கேள்விகளைச் சேர்த்து, சிலவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

கானாடுகாத்தான் வாசகர் ஒருவர்: சக்கரம், நீராவி எஞ்சின், மோட்டார் கார், விமானம் என்று பள்ளிப் புத்தகத்தில் பயண வரலாற்றை வரிசைப்படுத்துகிறார்கள். ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்கட்டுமாக நிற்கும் எங்கள் ஊர் வீடுகளை எழுப்பியது இவற்றுள் எது?

அந்த வரிசையில் இடம்பெறாத ஒன்றைத்தான் நான் சொல்வேன். அது 1860களில் கப்பலுக்குள் புகுந்த கூட்டு நீராவி எஞ்சின்.

நீராவியால் கப்பலை ஓட்ட முடியும் என்பது அதற்கு அரை நூற்றாண்டு முன்பே தெரிந்திருந்தது. தொல்லை கரியில் இருந்தது. பழைய எஞ்சினில் நீராவி ஓர் உருளைக்குள் புகுந்து உந்துதண்டை ஒருமுறை தள்ளிவிட்டு, மீதியிருந்த அழுத்தத்தோடு வீணாக வெளியேறும். இதனால் தொலைதூரக் கப்பல் தன் வயிற்றின் பெரும்பகுதியைத் தனக்கு வேண்டிய கரிக்கே ஒதுக்க வேண்டியிருந்தது. பயணிகளும் தபாலும் ஏறினார்களே ஒழிய, அரிசி மூட்டை போன்ற மலிவான சரக்கை ஏற்றினால் கூலிக்குக்கூடக் கட்டவில்லை. கூட்டு எஞ்சினில், உயர் அழுத்த நீராவி முதலில் சிறிய உருளையில் வேலை செய்கிறது. அங்கிருந்து வெளிவரும் நீராவியைப் பெரிய உருளை ஒன்றுக்குள் செலுத்தி மறுபடியும் வேலை வாங்குகிறார்கள். லிவர்ப்பூலைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ஹோல்ட் இந்த முறையில் கட்டிய 'அகமெம்னான்' என்ற கப்பல் 1866இல் புறப்பட்டு, மொரிஷியஸ் தீவு வரை ஏறத்தாழ 8,500 மைல் தூரத்தை நடுவில் எங்கும் கரி ஏற்றாமல் கடந்தது. கரிக்கு ஒதுக்கிய இடம் சரக்குக்குக் கிடைத்தது.

மூன்றாண்டு கழித்து, 1869 நவம்பர் 17 அன்று, சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போன இலண்டன் – பம்பாய் வழியின் தூரத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தது. கால்வாயும் கூட்டு எஞ்சினும் ஒன்றுக்கொன்று துணையாக அமைந்தன என்பதைக் கவனிக்க வேண்டும்: செங்கடலின் காற்று பாய்மரத்துக்கு ஒத்துவராததால், பாய்மரக் கப்பல்கள் அந்தக் குறுக்குவழியால் பெரிதாகப் பயனடையவில்லை. நீராவிக் கப்பலுக்கே அது ராஜபாட்டையாயிற்று.

இனி பர்மாவுக்கு வருவோம். 1852 போருக்குப் பின் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்திருந்தது. ஐராவதி ஆற்றின் கழிமுகம் சேறும் காடுமாகக் கிடந்தது. கால்வாய் திறந்த பின் ஐரோப்பிய அரிசிச் சந்தை அருகே வந்துவிட, அந்தக் காட்டை வெட்டி வயலாக்குவது இலாபமான தொழிலாயிற்று. வெட்டுகிறவனுக்கு மாடு, விதை, அறுவடை வரை சாப்பாடு ஆகியவற்றுக்கெல்லாம் முன்பணம் வேண்டும். ஆங்கிலேய வங்கிகள் அப்படிப்பட்ட உழவனுக்குக் கடன் தருவதில்லை. அந்த இடைவெளியில்தான் நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார்களின் கிட்டங்கிகள், அதாவது அவர்கள் தங்கி வட்டித் தொழில் நடத்திய இடங்கள், நின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1930 வரை கீழ்ப் பர்மாவின் நெல் நிலம் ஏறக்குறைய பத்து மடங்கு விரிந்தது. அந்த விரிவுக்கு வேண்டிய பணத்தில் பெரும்பங்கு செட்டிநாட்டு மக்கள் கொடுத்தது. மூன்று வருடக் கணக்குக்குக் கொண்டுவிற்க, அதாவது அக்கரையில் தொழில் செய்ய, போனவர்கள் ஊர் திரும்பிக் கட்டியவை உங்கள் தெருவின் வீடுகள். தேக்கும், இத்தாலியப் பளிங்கும், பெல்ஜியம் கண்ணாடியும் அதே கப்பல் வழிகளில்தான் வந்தன. துறைமுகத்திலிருந்தோ தொலைவான ரயில் நிலையத்திலிருந்தோ வீட்டு வாசல் வரை மட்டும் மாட்டுவண்டி. கடலை நீராவியால் கடந்த தூண், கடைசி நாற்பது ஐம்பது மைலை மாட்டின் நடையில் கடந்தது. அந்தக் கடைசி மைல்களை வரலாறு எழுதுகிறவர்கள் ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

தேவகோட்டை வாசகி ஒருவர்: நீராவிக் கப்பலுக்கு முன் நம்மவர் கடல் கடந்ததே இல்லையா?

கடந்தார்கள், ஆனால் காற்று சொன்ன நாளில் புறப்பட்டார்கள். வங்காள விரிகுடாவில் ஆண்டின் ஒரு பாதியில் தென்மேற்கிலிருந்தும் மறு பாதியில் வடகிழக்கிலிருந்தும் காற்று அடிக்கிறது. கிழக்கே போகும் பாய்க்கப்பல் முன்னதைப் பிடிக்கும், திரும்பும் கப்பல் பின்னதைப் பிடிக்கும். ஒரு பருவத்தைத் தவறவிட்டவர் அக்கரையில் மாதக்கணக்கில் காத்திருந்தார். நீராவி கொடுத்த முதல் வசதி வேகம் என்று பலர் எழுதுகிறார்கள். வேகத்தைவிடப் புறப்படும் தேதியை முன்கூட்டியே அச்சடிக்க முடிந்ததே பெரிது என்பது என் எண்ணம். வட்டித் தொழில் தேதியை நம்பி நடப்பது. சென்னையிலிருந்து இரங்கூனுக்கு நான்கு நாள் அளவில் போய்ச் சேரலாம், அடுத்த வாரம் இன்னொரு கப்பல் உண்டு என்ற உறுதி வந்த பிறகே, ஒரு முதலாளி ஊரில் இருந்துகொண்டு அக்கரைப் பெட்டியடியை, அதாவது அங்கிருந்த வட்டிக்கடையை, நடத்த முடிந்தது.

பள்ளத்தூர் ஆசிரியர் ஒருவர்: 1853இலேயே இந்தியாவில் ரயில் ஓடிவிட்டது. அவ்வளவு செல்வம் இருந்தும் காரைக்குடிக்கு ரயில் வர ஏன் இத்தனை காலம் ஆயிற்று?

நல்ல கேள்வி. முதலில் தேதிகளைப் பார்ப்போம். ஸ்டீவன்சன் குடும்பத்தின் 'ராக்கெட்' எஞ்சின் 1829இல் போட்டியில் வென்றது. லிவர்ப்பூல் – மான்செஸ்டர் பாதை 1830இல் திறந்தது. பம்பாய் – தாணே ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று ஓடியது. சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு 1856 ஜூலை 1 அன்று. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை வழியாகத் திருச்சிக்கு 1860களின் தொடக்கத்தில். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876. இவை அனைத்தும் நம்மைச் சுற்றிக்கொண்டு போயின. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929இலும், அங்கிருந்து காரைக்குடி வழியாக மானாமதுரைக்கு 1930இலும்தான் தண்டவாளம் வந்தது. மான்செஸ்டர் பாதைக்கும் காரைக்குடிப் பாதைக்கும் இடைவெளி சரியாக ஒரு நூற்றாண்டு.

காரணத்தை இப்படிப் பார்க்கலாம். அன்றைய ரயில் கம்பெனிகள் பாதையைத் தேர்ந்தபோது ஊரின் செல்வத்தைப் பார்க்கவில்லை, சரக்கைப் பார்த்தார்கள். துறைமுகத்தைப் பஞ்சு விளையும் ஊரோடும் நெல் விளையும் ஊரோடும் இணைப்பதே நோக்கம். செட்டிநாடோ கண்மாயை நம்பிய வானம்பார்த்த பூமி. இங்கிருந்து ஏற்றுமதியானவர்கள் மனிதர்கள், இங்கே வந்து சேர்ந்தது பணம். பணம் உண்டியல் என்னும் மாற்றுச் சீட்டில் வரும். அதற்குச் சரக்குப் பெட்டி வேண்டியதில்லை. மேலும், திருச்சிக்கும் காரைக்குடிக்கும் நடுவே புதுக்கோட்டை சமஸ்தானம் தனி ஆட்சியாக இருந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தாமதம் வியப்பளிக்கவில்லை.

அதுவரை என்ன செய்தார்கள் என்றால், இரவு முழுதும் வண்டி கட்டிப் போய் எங்காவது ரயிலைப் பிடித்தார்கள். 1902இல் மதுரை – மண்டபம் பாதை வந்ததும் மானாமதுரையும், 1903இல் மாயவரத்துப் பாதை நீண்டதும் அறந்தாங்கியும் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தன. அறந்தாங்கியிலிருந்து காரைக்குடி வரை இருந்த அந்தச் சிறிய இடைவெளிகூடச் சுதந்திரத்துக்குப் பிறகுதான் நிரம்பியது. 1930இல் வந்த பாதையும் தேவகோட்டை நகரைத் தொடவில்லை. தேவகோட்டை ரஸ்தாவில் இறங்கி மறுபடி வண்டி பிடிக்கும் கதை இன்றும் தொடர்வது தங்களுக்குத் தெரியும்.

ரயில் வந்த காலமும் கவனிக்கத்தக்கது. 1930 என்பது உலகப் பொருளாதாரம் சரிந்த நேரம். பர்மா அரிசியின் விலை வீழ்ந்தது, உழவர்கள் கடனைத் திருப்ப முடியவில்லை, அடகு நிலங்கள் செட்டியார்கள் பேரில் வந்து குவிந்தன. 1930இல் கீழ்ப் பர்மா விளைநிலத்தில் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த அவர்களது உடைமை 1938இல் 25 விழுக்காடு ஆயிற்று. அது விரும்பி வாங்கிய நிலம் அல்ல. பணமாக மாற்ற முடியாமல் மாட்டிக்கொண்ட நிலம். செல்வம் பெருகிய அறுபது ஆண்டுகளில் வராத ரயில், அது முடங்கிய ஆண்டில் வாசலுக்கு வந்தது.

புதுக்கோட்டை வாசகர் ஒருவர்: ரயிலுக்கு முன்பே எங்கள் ஊருக்குப் பஸ் வந்துவிட்டது என்று பெரியவர்கள் சொல்வது உண்மையா? கரியில் ஓடிய பஸ் என்றும் சொல்கிறார்களே?

இரண்டும் உண்மை. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கினார். உலகில் பெட்ரோல் எஞ்சின் பூட்டிய முதல் பயணிகள் பஸ், பென்ஸ் கம்பெனி செய்தது, ஜெர்மனியின் சீகன் நகரப் பகுதியில் 1895இல் ஓடியது. அங்கிருந்து புதுக்கோட்டைக்குப் பதினேழே ஆண்டு. புதுக்கோட்டைப் பஸ்ஸிலிருந்து புதுக்கோட்டை ரயிலுக்கு இன்னொரு பதினேழு ஆண்டு.

இரண்டு கண்டுபிடிப்புகளின் இயல்பில் உள்ள வேறுபாடு இதில் தெரிகிறது. ரயிலுக்கு மேடு பள்ளம் சமன் செய்த பாதை, பாலம், தண்டவாளம், நிலையம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் முன்கூட்டியே வேண்டும். அவற்றுக்கு ஒரு பெரிய கம்பெனியும் அரசாங்க உத்தரவாதமும் வேண்டும். பஸ் ஏற்கெனவே மாட்டுவண்டி தேய்த்து வைத்த கப்பி ரோட்டிலேயே ஏறிக்கொள்ளும். நம் பகுதியின் செம்பூராங்கல் சரளை, வண்டல் மண்ணைப் போல மழையில் சேறாகக் கரைந்துபோகாமல் இறுகி நிற்பது அதற்கு இன்னும் வசதி. ஒரு தனி மனிதர் ஒரு வண்டியை வாங்கித் தொழிலைத் தொடங்கலாம் என்ற நிலை பஸ்ஸால் வந்தது. பெயர் பெற்ற பல பஸ் முதலாளிகள் இப்படித்தான் ஒற்றை வண்டியோடு தொடங்கினார்கள்.

கரி பஸ் இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சங்கதி. பெட்ரோலுக்குக் கடும் பற்றாக்குறை ஏற்பட, வண்டியின் பின்புறத்தில் உயரமான உலை ஒன்றைப் பொருத்தினார்கள். அதில் மரக்கரியைப் போதுமான காற்றுக் கொடுக்காமல் எரித்தால் முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு வாயு கிளம்பும். அதை வடிகட்டிக் குளிர்வித்து எஞ்சினுக்குள் அனுப்பினால் பெட்ரோலின் இடத்தில் அது எரியும். டி.வி.எஸ். நிறுவனமே இப்படிப்பட்ட கரிவாயுக் கருவியைச் செய்து விற்றது. புறப்படுவதற்கு வெகு நேரத்துக்கு முன்பே கிளீனர் வந்து உலையை மூட்டி, ஊதுகுழல் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருப்பார். எஞ்சினின் வலு பெட்ரோலில் இருந்ததைவிட வெகுவாகக் குறைந்துவிடும். ஏற்றத்தில் பயணிகள் இறங்கித் தள்ளியதெல்லாம் மிகை அல்ல. போர் முடிந்து பெட்ரோல் வந்ததும் ஒருவரும் அந்த உலையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கோட்டையூர் வாசகி ஒருவர்: எங்கள் வளவில் பழைய வில்வண்டி ஒன்று கிடக்கிறது. அந்த வில்லும் சக்கரமும் நம் நாட்டுக் கண்டுபிடிப்பா?

சக்கரம் எவருடையது என்று உரிமை கொண்டாடுவது கடினம். சக்கர வண்டிக்கான மிகப் பழைய தடயங்கள் ஏறத்தாழ கி.மு. 3500ஐ ஒட்டி மெசபொட்டேமியா, கிழக்கு ஐரோப்பா ஆகிய பகுதிகளில் கிடைத்துள்ளன. அவை பலகையைச் சேர்த்துச் செதுக்கிய முழுச் சக்கரங்கள். ஆரக்கால் வைத்த சக்கரம் அதற்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டு கழித்து, கி.மு. 2000 வாக்கில் தென்படுகிறது.

உங்கள் வண்டியின் சக்கரத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். நடுவில் குடம், குடத்திலிருந்து ஆரக்கால், ஆரக்காலின் நுனியில் வட்டைகள் (விளிம்பாகச் சேரும் வளைந்த மரத்துண்டுகள்), எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்க வெளியே இரும்புப் பட்டை. அந்தப் பட்டையில் பெரும்பாலும் ஆணியே இருக்காது. சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றுச் சிறியதாக அடித்த பட்டையை வறட்டித் தீயில் பழுக்கக் காய்ச்சினால் அது விரியும். விரிந்த நிலையில் சக்கரத்தின்மேல் ஏற்றித் தண்ணீர் ஊற்றினால் சுருங்கி, வட்டையையும் ஆரக்காலையும் குடத்தை நோக்கி நெருக்கிவிடும். தச்சரும் கொல்லரும் ஒரே நேரத்தில் கைகொடுக்க வேண்டிய வேலை இது. அச்சுத் தேயாமல் இருக்க, விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்த மையைப் போட்டார்கள்.

வில் மட்டும் வெளியூர்ச் சரக்கு. எஃகுத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வளைத்து, இரண்டை எதிரெதிராகச் சேர்த்துக் கட்டும் முறைக்கு ஒபதையா எலியட் என்ற ஆங்கிலேய வண்டித் தச்சர் 1804இல் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் குதிரை வண்டிக்காகச் செய்த அந்தப் பொறியைச் செட்டிநாட்டு ஆச்சிமார் காளை பூட்டிய வண்டியில் அனுபவித்தார்கள். இன்று லாரியின் பின் அச்சுக்கு மேலே அடுக்காகத் தெரியும் 'பட்டை' அதே குடும்பம்தான்.

நம் பங்குக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். புறநானூற்றின் 102ஆம் பாட்டில், உப்பு ஏற்றிச் செல்லும் உமணர், வழியில் அச்சு முறிந்தால் என் செய்வது என்று எண்ணி, வண்டியின் அடியில் இன்னொரு 'சேம அச்சை'க் கட்டிக்கொண்டு போவதை ஔவையார் சொல்கிறார். மாடு இளையது, பாரம் பெரிது, பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ யாரறிவார் என்பது அவர்களது கவலை. மோட்டார் வண்டியில் ஸ்டெப்னி சக்கரம் வந்தது இருபதாம் நூற்றாண்டில். மாற்று உறுப்பைக் கையோடு கொண்டுபோகும் அந்த எச்சரிக்கை, நெடுந்தூரச் சரக்குப் போக்குவரத்து முறையான தொழிலாக நடந்துகொண்டிருந்ததற்குச் சான்று. அப்பாட்டை நான் மதிக்கும் காரணங்களில் இதுவும் ஒன்று.

காரைக்குடிக் கல்லூரி மாணவி ஒருவர்: விலை மலிவான, எளிய கண்டுபிடிப்பு எது என்று கேட்டால் எதைச் சொல்வீர்கள்?

தயங்காமல் சைக்கிளை. ஆனால் எளிமை கண்ணுக்குத்தான். அது ஒரு நாளில் பிறந்த பொருளல்ல. 1817இல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டிய இருசக்கர வண்டியில் மிதியே கிடையாது. காலால் தரையை உந்த வேண்டும். பின்னர் முன்சக்கரத்திலேயே மிதியைப் பொருத்தினார்கள். வேகம் வேண்டுமென்று அந்தச் சக்கரத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கினார்கள். விழுந்தவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி, ஒரே அளவுள்ள இரு சக்கரமும் பின்சக்கரத்தை இழுக்கும் சங்கிலியும் வைத்து 'ரோவர்' சைக்கிளைச் செய்தார். இன்றைய சைக்கிளின் உருவம் அதுதான். 1888இல் பெல்ஃபாஸ்ட்டில் ஜான் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த குழாயைச் சுற்றிப் பார்த்தார். (இராபர்ட் தாம்சன் என்பவர் 1845இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார், அன்று வாங்க ஆளில்லை.) சார்ல்ஸ் குட்இயர் 1839இல் கந்தகம் சேர்த்து இரப்பரைப் பக்குவப்படுத்தக் கண்டிராவிட்டால், டன்லப்பின் டயர் நம் வெயிலில் இளகி ஒட்டியிருக்கும்.

நம் பகுதிக்கு இதில் இரண்டு உறவு உண்டு. பள்ளத்தூரைப் பூர்வீகமாகக் கொண்டு, 1900இல் பர்மாவின் மோல்மேனில் வட்டித் தொழிலாகத் தொடங்கிய முருகப்பா குழுமம், அக்கரைத் தொழிலைக் குறைத்துக்கொண்டு தமிழகம் திரும்பிய பிறகு, 1949இல் ஆங்கிலக் கம்பெனி ஒன்றோடு கூட்டாக டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, அம்பத்தூரில் சைக்கிள் செய்தது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று நாம் ஓட்டியவை அங்கிருந்து வந்தவை. கப்பல் ஈட்டிக் கொடுத்த மூலதனம் சைக்கிளாக உருமாறிய கதை என்று இதைச் சொல்லலாம்.

மற்றொன்று 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்தது. அறிவொளி இயக்கத்தில் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் ஒரு பாடமாக வைத்தார்கள். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். கல் உடைக்கும் பெண்களும், வயல் வேலைக்குப் போகும் பெண்களும், ஊர் சிரித்ததைப் பொருட்படுத்தாமல் குரங்குப் பெடலில் தொடங்கி ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு, பிள்ளையை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு, பஸ்ஸுக்காக நிற்காமல் போன அந்தப் பெண்களுக்கு அது என்ன தந்தது என்பதை, அதற்கு முன் அவர்கள் நாள்தோறும் எத்தனை நேரம் ஆண்துணைக்காகவும் பஸ்ஸுக்காகவும் காத்திருந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால்தான் உணரலாம். ஸ்டார்லியின் ரோவருக்கும் அந்த நாளுக்கும் நூறாண்டுக்கு மேல் இடைவெளி. பொருள் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அதில் ஏறலாம் என்ற உரிமை பிந்தி வந்தது.

திருப்பத்தூர் வாசகர் ஒருவர்: டீசல் எஞ்சினை முதலில் கடலை எண்ணெயில் ஓட்டினார்களாமே?

முதலில் அல்ல, ஆனால் ஓட்டியது உண்மை. 1900இல் பாரிஸ் நகரில் நடந்த பொருட்காட்சியில், பிரெஞ்சு அரசின் விருப்பப்படி, சிறிய டீசல் எஞ்சின் ஒன்றை நிலக்கடலை எண்ணெயில் இயக்கிக் காட்டினார்கள். ஆப்பிரிக்கக் குடியேற்றங்களில் கடலை விளைந்ததால் அவர்களுக்கு அதில் நாட்டம். இன்றைய செக்கு எண்ணெய் விலையில் நாம் அதை முயலாமல் இருப்பதே நல்லது.

ஆ. தெக்கூர் வாசகர் ஒருவர்: என் பாட்டையா 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்தார் என்பார்கள். கப்பல், ரயில், விமானம் எல்லாம் இருந்த காலத்தில் ஏன் நடக்க வேண்டும்?

இருந்தவை அனைத்தும் சில வாரங்களில் இல்லாமற்போயின. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் இரங்கூன்மீது குண்டு வீசின. துறைமுகக் கூலிகள் ஓடிவிட்டதால் கப்பலில் சரக்கு ஏற்றவும் ஆளில்லை. கிடைத்த கப்பல்களில் இடம் பிடித்தவர்கள் ஒரு பகுதியினர். விமானத்தில் வந்தவர்கள் மிகச் சிலர், அவர்களிலும் ஐரோப்பியருக்கே முன்னுரிமை. 1942 மார்ச் 8 அன்று இரங்கூன் வீழ்ந்ததும் கடல்வழி அடைந்தது. எஞ்சியவர்கள் இரண்டு வழியாக நடந்தார்கள். ஒன்று, புரோமிலிருந்து அரக்கான் மலைத்தொடரைத் தாண்டித் தௌங்குப், அக்யாப் வழியாகச் சிட்டகாங். மற்றொன்று, மாந்தலே, கலேவா, தமு வழியாக மணிப்பூர். அங்கிருந்து திமாப்பூர் ரயில் நிலையம். நான்கு முதல் ஐந்து இலட்சம் இந்தியர்கள் அந்த மாதங்களில் வெளியேறினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் வழியிலேயே இறந்தார்கள்.

தைப்பூசத்துக்கு முன் குன்றக்குடியில் கூடிப் பழநிக்கு நடக்கும் பழக்கம் நம் பகுதியில் தலைமுறைகளாக உண்டு. ஆனால் அந்த வழியில் மண்டபமும் சோறும் உறவும் உண்டு. இவ்விரு நடையையும் சிலர் ஒப்பிட்டு எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். உங்கள் பாட்டையா எந்த வழியில் வந்தார், எந்த ஊரில் ரயில் ஏறினார் என்று குடும்பத்துப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். எழுதப்பட்ட சாட்சியங்களில் தமிழர் குரல் மிகக் குறைவு.

இளையான்குடி வாசகர் ஒருவர்: பழைய பாம்பன் பாலம் கப்பலுக்கு எப்படி வழிவிட்டது? புதியது அதே முறையா?

வேறு முறை. பழையது 1914 பிப்ரவரியில் திறந்தது. தனுஷ்கோடி வரை ரயிலில் போய், அங்கிருந்து படகில் தலைமன்னாருக்குக் கடக்கும் 'போட் மெயில்' வழி அதனால் பிறந்தது. அதற்குமுன் இலங்கைக்குப் போகிறவர்கள் தூத்துக்குடியில் கப்பலேறினார்கள். பாலத்தின் நடுப்பகுதி, சிகாகோவின் வில்லியம் ஷெர்சர் வகுத்த முறைப்படி, இரு இறக்கைகளாகப் பிரிந்து மேலே எழும். ஆட்கள் நின்று நெம்புகோலைச் சுற்றித் திறந்தார்கள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாலத்தைச் சிதைத்தாலும் அந்தத் திறப்புப் பகுதி தப்பியது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் நடுத் துண்டு பிரியாமல், 72.5 மீட்டர் நீளம் முழுதும் படுக்கை மட்டமாகவே மின்விசையால் மேலே உயர்கிறது.

செட்டிநாடு வாசகர் ஒருவர்: நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு போன கப்பல் ஏன் நின்றது? போர்க்கால ஓடுதளம் எங்கள் ஊரில் கிடக்கிறதே, அதை விமான நிலையமாக்கினால் என்ன?

கப்பலை நிறுத்தியது ஜெட் எஞ்சின். 1926இல் கட்டிய 'ரஜுலா', தொடக்கத்தில் 5,000 பேருக்கு மேல் மேல்தளப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்ற கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. அதன் பின் 'சிதம்பரம்' வந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் உயிரிழக்க, அந்த வழியே முடிந்தது. ஆனால் தீ இல்லாவிட்டாலும் நெடுநாள் நின்றிருக்காது. 1958இல் போயிங் 707, 1970இல் அதைவிடப் பெரிய 747 என்று ஜெட் விமானங்கள் வந்த பிறகு, ஒருவார காலக் கப்பற்பயணத்துக்கு ஆகும் சாப்பாடும் சம்பள இழப்பும் சேர்த்தால், விமானச் சீட்டு ஏறக்குறைய அதே விலைக்கு வந்துவிட்டது. இப்போது திருச்சியில் ஏறினால் நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூர்.

ஓடுதளத்தைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், அவசரம் வேண்டாம் என்பேன். இரண்டாம் உலகப் போருக்கு என்று போட்ட தளம் அன்றைய இலகுவான விமானங்களுக்கு ஏற்றது. இன்றைய பயணிகள் விமானத்துக்கு அதைத் தோண்டி எடுத்துப் புதிதாகவே போட வேண்டும். காரைக்குடியிலிருந்து திருச்சியும் மதுரையும் தலா 90 கிலோமீட்டர் அளவில் இருக்க, நடுவில் மூன்றாவது நிலையத்துக்குப் போதிய பயணிகள் சேர்வார்களா என்பது ஐயம். அந்தப் பணத்தில் காரைக்குடி – திருச்சிப் பாதையில் காலையிலும் மாலையிலும் கூடுதலாக இரண்டு ரயிலை விட்டு, அவற்றின் நேரத்தைத் திருச்சி விமானங்களோடு பொருத்தினால், சிங்கப்பூர் போகிறவரும் பயனடைவார், புதுக்கோட்டைக்கு வேலைக்குப் போகிறவரும் பயனடைவார்.